கடைக்கு இடுப்புப் பிடிச்ச தீவாளி

நித்தியமங்களா ஜவுளி மாளிகைக்கு இடுப்புப் பிடிச்சது புரட்டாசி கடைசி சனிக்கெழமை, பகல் பதினொண்ணரை மணிக்கு. லாரியில வந்த சேலைக் கட்டு அத்தனையையும் மூணாவது மாடிக்கு ஏத்தி முடிச்ச நேரம், கீழ பஜார் பூரா தலையா இருந்த நேரம், அந்த நாலு மாடிக் கட்டடம் தண்ணிக் கொடத்தத் தூக்கக் குனிஞ்சவ நிமிர முடியாம நிக்காப்ல 'மளுக்'னு ஒரு சத்தம் குடுத்து, இடது பக்கமாச் சாஞ்சு, அப்படியே நின்னு போச்சு. ஒரு கண்ணாடி உடையல, ஒரு செங்கல் உதிரல, ஒரு ஆளுக்குச் சின்னக் காயம் கெடையாது. எதுத்தாப்ல டீ ஆத்திக்கிட்டிருந்த சம்முகத்தாய் டம்ளரக் கீழ வைக்காமலே அண்ணாந்து பாத்துட்டு, "ஐயோ பாவம், குறுக்குப் பிடிச்சுக்கிட்டு போலுக்கே"ன்னு சொன்னா. அதுக்கு மேல அன்னைக்கு யாரும் அதப் பத்தி ஆராய்ச்சி பண்ணல.

எனக்குச் சேதி வந்தப்ப மடியில மொறத்த வச்சு பீடி சுத்திக்கிட்டிருந்தேன். சொன்னது பக்கத்து வீட்டு ஆவுடைத்தங்கம். "பிரமு, நித்தியமங்களா சாஞ்சு நிக்கு, இடுப்புல கை வைக்காத கொறதான்"னா. நான் சிரிச்சேன். சும்மா சிரிக்கல, மொறத்துல இருந்த தூளு பூரா பறக்க, கண்ணுல தண்ணி வழிய, ஒரு வருசமா அடக்கி வச்சிருந்த சிரிப்ப மொத்தமாக் கொட்டிச் சிரிச்சேன். உள்ள இருந்து என் தங்கச்சி முப்பிடாதி, "என்னக்கா, என்ன?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தா. அவ நடந்து வர்றதப் பாத்ததும் சிரிப்பு நின்னு போச்சு.

நான் கால் முந்திப் பொறந்தவ. எல்லாப் பிள்ளையும் தலையக் காட்டிப் பொறக்கும், நான் இடது குதிங்காலக் காட்டிப் பொறந்தேன். திருநவேலிக்கும் தென்காசிக்கும் நடுவுல உள்ள எங்க ஊர்ப் பக்கம், அப்படிப் பொறந்தவங்க கால்ல ஒதை வாங்குனா முதுகுப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு, குறுக்குச் சுளுக்கு எல்லாம் விட்டுப் போகும். ஆளு எங்க வாசப்படிக்கு நேரா குப்புறப் படுக்கணும். குதிங்காலால முதுகெலும்ப மேல இருந்து கீழ ஒரு தடவ தடவிப் பாத்து, எங்க பிடிச்சிருக்கோ அங்க ஒரே ஒரு ஒதை. ஒரு செவ்வாக்கெழமைக்கு ஒண்ணு, மூணு செவ்வா விடாம, விளக்கு வைக்கிறதுக்கு முன்னால. அடுத்தவங்க மேல கால் படுறது பாவம்ங்கறதால, ஒதை வாங்குற ஆளு மொதல்ல என் குதிங்காலத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிடணும். வயசானவங்கன்னா விட மாட்டேன், "வேண்டாம் சித்தப்பா, மனசுல நெனச்சுக்கிட்டாப் போதும்"பேன். வெத்தல பாக்கத் தவிர கைநீட்டி ஒண்ணும் வாங்குறதில்ல.

மூணு எதுக்குன்னா, மொத ஒதையில பிடிப்பு எளகும், ரெண்டாவதுல எலும்பு நகரும், மூணாவதுலதான் அது தன் எடத்துல போய் உக்காரும். நடுவுல ஒரு செவ்வாய விட்டா, நகர்ந்த எலும்பு நகர்ந்த எடத்துலயே வீடு கட்டிக் குடியேறிக்கிடும். அப்புறம் நான் என்ன, என்னப் பெத்தவ எந்திரிச்சு வந்து ஒதைச்சாலும் அசையாது.

ஆனா யாரு கேக்கா? நாத்து நடவுல ஒரு ஒதை வாங்கிட்டுப் போறவன், அடுத்த வாரம் கூப்பிட்டா "நடவு முடியட்டும் பிரமு"ங்கான். வாத்தியாரு பரீச்சை முடியட்டுங்காரு. கல்யாண மாசத்துல சமையக்காரரு கடைசி முகூர்த்தம் முடியட்டுங்காரு. கோயில் கொடைக்கு மேளம் அடிக்கவரு கொடையெல்லாம் முடியட்டுங்காரு. அட கூறு கெட்டவங்களா, முதுகு உடையறதே அந்த நேரத்துலதான, வேல ஓஞ்ச மாசத்துல என் வாசல்ல வந்து படுத்து என்ன பிரயோசனம்? முதுகுக்கு என்ன காலண்டரா தெரியும்? இருபது வருசமாத் தொண்டத் தண்ணி வத்தக் கத்திக்கிட்டுத்தான் இருக்கேன்.

முப்பிடாதி எங்க வம்சத்துலயே நெட்டை. என்னவிட பதினாறு வயசு எளையவ, எங்கம்மா போன பெறவு நான் தூக்கி வளத்தவ, பதினெட்டு வயசுல நான் அண்ணாந்து பாத்துத்தான் அவளத் திட்ட முடியும். அந்த உசரத்தப் பாத்துத்தான் நித்தியமங்களால மூணாவது மாடிக்கு, பட்டுச் சேலைக்கு எடுத்தாங்க. ஸ்டூல் போடாம மேல் தட்டுல கையெட்டும் அவளுக்கு. காலைல ஒம்பதரைக்கு நின்னான்னா கடை அடைக்கிற வரைக்கும் நிக்கணும். உக்காரக் கூடாது, தூண்ல சாயக் கூடாது, எடுக்க ஆளே இல்லன்னாலும் நேரா நிக்கணும். வேலைக்காரப் பிள்ளைக உக்காந்தா கடைக்கு லெச்சுமி வர மாட்டான்னு மொதலாளி நாயகம் அண்ணாச்சிக்கு ஒரு எண்ணம். அவரு மட்டும் நாலாவது மாடில, கண்ணாடி ரூம்ல, வழவழன்னு கிரானைட்டு போட்ட தரையில, சக்கரம் வச்ச சுழல் நாற்காலில, காலைல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் உக்காந்தே இருப்பாரு. லெச்சுமி அவரு மடியிலயே இருக்கான்னு நெனப்பு.

அதுக்கு மொத வருசம் தீவாளிக்கு மூணு வாரம் இருக்கப்ப, சேலைக் கட்டத் தூக்குன எடத்துல முப்பிடாதிக்குப் பிடிச்சுது. மொத செவ்வா வந்தா, ஒரு ஒதை, பாதி நிமிந்தா. ரெண்டாவது செவ்வா வந்தா, இன்னொரு ஒதை, எலும்பு நகர்ந்துட்டு, என் குதிங்காலுக்கு அது தெரிஞ்சுது. மூணாவது செவ்வா தீவாளிக்கு நாலு நாள் இருக்க வந்துச்சு. கடைக்குள்ள ஊசி குத்த எடமில்ல. இவ நாலாவது மாடிக்கு ஏறிப் போயி, "அண்ணாச்சி, ஒரே ஒரு மணி நேரம் விடுங்க, அக்காகிட்ட ஒரு ஒதை வாங்கிட்டு ஓடியாந்துருதேன்"னு கேட்டிருக்கா.

அவரு திட்டல. திட்டியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். நாற்காலிய இந்தப் பக்கம் அரை வட்டம் அந்தப் பக்கம் அரை வட்டம் ஆட்டிக்கிட்டே, சிரிச்சுக்கிட்டே, "ஒரு வாரம் தள்ளிப் போனா முதுகு எங்கயும் ஓடிப் போயிராதும்மா. சீசன் முடியட்டும், பாத்துக்கிடலாம்"னு சொல்லி, மேஜையில இருந்த கால் கிலோ மிச்சர் பொட்டலத்த அவ கையில குடுத்து அனுப்பினாரு.

சேதி கேட்டு நான் ஓடுனேன். அவ வர முடியாட்டா என்ன, நானே போயி, துணி அடுக்குற ரூம்ல ஒரு நிமிசம் அவளப் படுக்க வச்சு ஒதைச்சுட்டு வந்துரலாம்னு போனேன். படிக்கட்டுலயே சூப்பர்வைசர் லிங்கதுரை மறிச்சுட்டான். "சீசன் நேரத்துல கடைக்குள்ள பூந்து பிள்ளைகள ஒதைக்கணுங்கியே, ஒனக்கென்ன கோட்டியா, கிறுக்கா?"ன்னான். கையெடுத்துக் கும்பிட்டேன். ஆளு வச்சு வெளிய தள்ளுனான். மூணு மணி, நாலு மணி, அஞ்சு மணின்னு பஜார்லயே நின்னேன். மூணாவது மாடி கண்ணாடி வழியா முப்பிடாதி தெரிஞ்சா, ஒரு கை சேலைய விரிக்கு, ஒரு கை பின்னால இடுப்பப் பிடிச்சுக்கிட்டிருக்கு. தெரு விளக்கு எரிஞ்சுது. முடிஞ்சு போச்சு. அந்த ஆத்திரத்துல கடைச் சொவத்த ஓங்கி ஒரு ஒதை ஒதைச்சுட்டு வந்தேன். எந்தக் காலாலன்னு பின்னால ஊரே கேட்டுச்சு. எனக்கு ஞாபகம் இல்ல.

முப்பிடாதியோட எலும்பு நகர்ந்த எடத்துலயே குடியேறிட்டு. இடுப்புல இருந்து இடது பக்கமாச் சாஞ்சு, முன்னால மடங்கி, நடக்கையில தரையத்தான் பாக்க முடியும். பொங்கலுக்கு மறுநாள், சேலை விரிக்கிற பிள்ள நிமிந்து நிக்க வேண்டாமான்னு சொல்லி வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க. அவள அண்ணாந்து பாத்துத் திட்டுன நான், இப்ப அவ உச்சந்தலையப் பாத்துப் பேசுதேன். அந்த ஒரு வருசம் நான் சாமிகிட்ட வேற எதும் கேக்கல. ஆடிச் செவ்வா, தை வெள்ளி, எல்லா நாளும் ஒரே வரந்தான் கேட்டேன். நாயகம் நிக்கணும். உக்கார முடியாம நிக்கணும். கேக்கப்பிடாததா, கேக்கலாமான்னெல்லாம் நான் பாக்கல.

இப்படி இருக்கையிலதான் கடைக்குப் பிடிச்சுது.

ஊருன்னா ஊருதான், மறுநாளே பழகிட்டு. ஆட்டோக்காரங்க "சாஞ்ச கடை, சாஞ்ச கடை"ன்னு கூவி ஆள் ஏத்துனாங்க. வெயில்ல காஞ்ச சம்முகத்தாய் டீக்கடைக்குப் பகல் பூரா நெழல் விழுந்துச்சு, அவ கூட ரெண்டு பெஞ்சு வாங்கிப் போட்டா. முக்குல நிக்க டிராபிக் போலீஸ்காரர் கடையப் பாத்துப் பாத்துக் கழுத்தச் சாய்ச்சே பழகி, வீட்டுக்குப் போனாலும் நேரா வைக்க முடியலன்னு என்கிட்ட வந்து ஒதை வாங்கிட்டுப் போனாரு. நகராட்சி இஞ்சினியர் தூக்குக்குண்டு கட்டிப் பாத்து, "குறுக்குப் பிடிப்பு, கனமான பொருள் தூக்கக் கூடாது"ன்னு நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. எலும்பு டாக்டர் ஒருத்தர் சின்னச் சுத்தியலால தூணத் தட்டிப் பாத்துட்டு மூணு வாரம் படுக்கையில ஓய்வுன்னாரு. நாலு மாடிக் கட்டடத்த எந்தக் கட்டில்ல படுக்க வைக்கன்னு அவர யாரும் திருப்பிக் கேக்கல.

வடக்குத் தெருப் பொம்பளைக உப்ப வறுத்துத் துணியில கட்டி மேக்குச் சொவத்துக்கு ஒத்தடம் குடுத்தாங்க. கீழத் தெருக்காரங்க வாதநாராயணன் எலையக் கட்டுக் கட்டாக் கொண்டாந்து அண்டாவுல வேக வச்சு ஊத்துனாங்க. எந்தத் தெரு வைத்தியம் ஒசத்தின்னு ரெண்டு தெருவுக்கும் சண்டை வந்துச்சு. ஐப்பசி மழை விழவும் வலி கூடிருச்சு, ஒவ்வொரு இடிக்கும் கட்டடம் 'ம்ம்ம்'னு மொனங்கும், உள்ள சேலை எடுக்கவங்க சொவத்தத் தடவிக் குடுத்துக்கிட்டே வெலை கேப்பாங்க. ஆமா, யாவாரம் நிக்கல. தீவாளிக்குத் துணி எடுக்காம இருக்க முடியுமா? ஷட்டரு பாதியில மாட்டிக்கிட்டதால குனிஞ்சு நொழைஞ்சு, சாஞ்சு ஏறி, சாஞ்சு எறங்கி, ஊரே எடுத்துக்கிட்டிருந்துச்சு.

அந்தச் சாய்வுலயும் பிள்ளைகள உக்கார விடலயே, அதச் சொல்லுங்க! லிங்கதுரை மூணாவது மாடி சொவத்தோரமா ஒரு தாம்புக் கயித்தக் கட்டி விட்டான். ஒரு கையால கயித்தப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையால சேலைய விரிக்கணும். அறுபது பிள்ளைக அப்படி நின்னாங்க. ரெண்டு பேரு சாயங்காலம் என் வாசல்ல வந்து அழுதாங்க. "அடுத்த செவ்வாயும் வரணும்ட்டி, விட்டுராதீங்க"ன்னேன். "சீசன் முடியட்டும்ங்காங்களே அக்கா"ன்னாங்க.

பிடிச்சு ஒம்பது நாள் கழிச்சு, திங்கக்கெழமை லிங்கதுரை என் வாசல்ல வந்து நின்னான். கட்டடத்த ஒரு ஒதை ஒதைக்கணுமாம், மொதலாளி சொல்லி விட்டாராம்.

"சீசன் நேரத்துல பிள்ளைகள ஒதைக்கணுங்க கோட்டிகிட்டயா வந்த?"ன்னேன்.

அவன் தலையச் சொறிஞ்சான். "ஒரு நாள்ல ஒரு வெரல் அகலம் கூடுதலாச் சாயிதுக்கா. மறந்துருங்க."

"மறக்கவா? போலே, போயி ஒங்க மொதலாளிய வந்து அவரு வாயால கேக்கச் சொல்லு"ன்னு வெரட்டி விட்டேன்.

அவன் போன பெறவு முப்பிடாதி பக்கத்துல வந்து உக்காந்தா. "போயி ஒதைக்கா"ன்னா.

"ஏட்டி, ஒனக்கு ரோசமே கெடையாதா?"

"இருக்கு. ஆனா அது முறிஞ்சு விழுந்தா அவரு தலையில மட்டுமா விழும்? என் தோஸ்துக பூரா மேலதான நிக்காளுக. ராசாத்தி நெறமாசமா இருக்கா."

"சரி, விழாம நிக்க அளவுக்கு ஒதைக்கேன்"னேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை நான் சொல்லல, அவளும் கேக்கல.

கடையோட மூஞ்சி பஜாரப் பாத்து இருக்கதால முதுகு பின்பக்கத்து முடுக்குச் சந்துல இருந்துச்சு, இடுப்பு மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல. கொத்தனாருங்க மூங்கில் சாரம் கட்டுனாங்க. செவ்வாக்கெழமை நாலு மணிக்கு நான் போகையில அந்தச் சின்ன முடுக்குல பாதி ஊரு நிக்கு, மொட்டை மாடியில எல்லாம் மீதி ஊரு நிக்கு. நாயகம் அண்ணாச்சி பட்டுச் சட்டையோட எறங்கி வந்து, "அம்மா, ஒதைச்சுக் குடுக்கணும்"னு தன் வாயால கேட்டாரு. நான் ஸ்டூல்ல உக்காந்து இடது கால நீட்டுனேன்.

"என்ன?"ன்னாரு.

"தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிடணும் அண்ணாச்சி. மொறை."

"ஒதை கட்டடத்துக்குத்தான, நான் எதுக்குத் தொடணும்?"

"கட்டடத்துக்குக் கை இருந்தா அது தொடட்டும். நான் காத்திருக்கேன்."

கூட்டத்துல நின்ன சம்முகத்தாய், "மொறைய மீற முடியாது அண்ணாச்சி, நான்கூடத் தொட்டுத்தான் வாங்குனேன்"னா. அவரு ஊரப் பாத்தாரு, கட்டடத்தப் பாத்தாரு, அது அப்பப் பாத்து 'ம்ம்ம்'னு மொனங்குச்சு. குனிஞ்சாரு. என் குதிங்காலத் தொட்டாரு, கண்ணுல ஒத்துனாரு. எனக்கு அவரு அப்பா வயசு. இருபது வருசத்துல வயசுல மூத்த ஆளுல நான் 'வேண்டாம்'னு சொல்லாத ஒரே ஆளு அவருதான்.

சாரத்துல ஏறி, குதிங்காலால சொவத்த மேல இருந்து கீழ தடவுனேன். பிடிச்ச எடம் கல்லு மாதிரி இருந்துச்சு. அந்தக் கட்டடத்து மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, அதுவும் வருசக் கணக்கா உக்காராம நின்ன சென்மந்தான். "கொஞ்சம் பொறுத்துக்க தாயி"ன்னு சொல்லி ஒண்ணு விட்டேன். 'க்ளுக்'னுச்சு. நாலு மாடி சன்னல்லயும் தெரைச்சேலை வெளிய வந்து உள்ள போச்சு, அவ்வளவு பெரிய மூச்சு. முன்னால மாட்டிக்கிட்டிருந்த ஷட்டரு தன்னால மேல ஏறிருச்சு. பஜார்ல வெடி போட்டாங்க.

ரெண்டாவது செவ்வா, மறுபடியும் தொட்டாரு, மறுபடியும் ஏறுனேன், மறுபடியும் ஒண்ணு. கடை நிமிந்துட்டு. எலும்பு நகர்ந்தது என் குதிங்காலுக்குத் தெரிஞ்சுது, முப்பிடாதிக்கு நகர்ந்த அதே தூரம், அதே எடம். கீழ எறங்குனதும் கொத்தனாரு சொவத்துல காத வச்சுக் கேட்டுட்டு, "இனி விழாது, நூறு வருசம் நிக்கும்"னாரு. அண்ணாச்சி மொகம் பூரா சிரிப்பு. "அடுத்த செவ்வா மறந்துராதம்மா"ன்னாரு. "செவ்வா வரட்டும் அண்ணாச்சி"ன்னேன்.

மறுநாள் கடையத் தெறந்தப்பதான் விசயம் தெரிஞ்சுது. கட்டடம் நேராத்தான் நிக்கு, உள்ள தரைதான் ஒவ்வொரு மாடிலயும் ஒரு மாதிரி வழியுது. கண்ணுக்குத் தெரியாது. ஆனா நின்னா, கால் மெதுவா மெதுவா மேக்குச் சொவத்தப் பாத்து வழுக்கிக்கிட்டே போகும். கயித்தப் பிடிச்சாலும் கயிறோட போகும். உக்காந்தா ஒண்ணும் செய்யாது, கெட்டியா அந்த எடத்துலயே பிடிச்சு வச்சுக்கிடும். மூணாவது மாடில அறுபது பிள்ளைகளும் ஒவ்வொருத்தியா வழுக்கிப் போயி, பொத்துப் பொத்துனு உக்காந்தாளுக. லிங்கதுரை "எந்திரிங்க, எந்திரிங்க"ன்னு கத்திக்கிட்டே வந்து அவனும் வழுக்கி நடுவுல உக்காந்துட்டான். ராசாத்திதான் மொதல்ல சிரிச்சா, அப்புறம் பூரா மாடியும் சிரிச்சுதாம்.

துணி எடுக்க வந்த சனமும் உக்காந்துச்சு. வேற வழி? பாய விரிச்சு, சேலைய மடியில போட்டு, எதுத்தாப்ல உக்காந்திருக்க பிள்ளைகிட்ட ஊர்க்கதை பேசி, நிதானமா எடுத்துச்சு. "இப்படி உக்காந்து எடுத்து எத்தன வருசமாச்சு"ன்னு ஆச்சரியப்பட்டுச்சு. வேணும்னே அக்கம்பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் வந்தாங்க. போன வருசத்த விடக் கூட்டம்.

நாலாவது மாடி கதைதான் வேற. அங்க கிரானைட்டு. சக்கரம் வச்ச நாற்காலில அண்ணாச்சி உக்காந்ததும் அது சர்ருனு போயி மேக்குச் சொவத்துல இடிச்சுது. திரும்பக் கொண்டாந்து உக்காந்தாரு, திரும்பப் போச்சு. போல்ட்டு அடிச்சுப் பாத்தாரு, மதியத்துக்குள்ள போல்ட்டெல்லாம் கழண்டு ஓரமாப் போய்க் கெடந்துச்சு. மர நாற்காலி வழுக்குச்சு, சமுக்காளம் வழுக்குச்சு, வெறுந் தரையில உக்காந்தா அவரே வழுக்குனாரு. சன்னல் கம்பிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னாத்தான் நெலை. கீழ போயி பிள்ளைகளோட பாயில உக்காரலாம். அதுக்கு மனசு வரல. வீட்டுக்குப் போகலாம். சீசன் நேரத்துல கடைய அடுத்தவன் கையில விட்டுட்டுப் போற ஆளா அவரு? காலைல ஒம்பதரைல இருந்து கடை அடைக்கிற வரைக்கும் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. ஒரு நாள், ரெண்டு நாள், ஆறு நாள்.

திங்கக்கெழமை சாயங்காலம் ராசாத்தி வயித்தத் தாங்கிக்கிட்டு என் வீட்டுக்கு வந்தா. "அக்கா, நாளைக்கு வந்துராதீங்க. ஒங்க கால்ல விழுதோம்"னா. அவ கேக்காட்டாலும் நான் போயிருக்க மாட்டேன். ஆனா கேட்டது நல்லாருந்துச்சு.

மூணாவது செவ்வா. தீவாளிக்கு அஞ்சு நாள். வாசல்ல பதினேழு பேரு படுத்திருக்காங்க, எனக்கும் அதுதான சீசன், பலகாரம் சுட்டவ, மூட்டை தூக்குனவன், தையல்காரர்னு வரிசை. மூணு மணிக்குக் காரு வந்து நின்னுச்சு. நாயகம் அண்ணாச்சி எறங்குனாரு. கால் ரெண்டும் வீங்கி செருப்புக்குள்ள அடங்கல. ஒரு கை பின்னால இடுப்பப் பிடிச்சுக்கிட்டிருக்கு. அந்தக் கை இருந்த எடத்த நான் பாத்தேன். போன வருசம் கண்ணாடி வழியாப் பாத்த அதே எடம்.

"சாரம் கட்டி ரெடியா இருக்கும்மா. ஒரே ஒரு மணி நேரம். கார்லயே கூட்டிட்டுப் போயி கார்லயே விட்டுருதேன்."

நான் எட்டாவது ஆளத் தடவிக்கிட்டிருந்தேன். இந்த நேரத்துக்குன்னு ஒரு வருசமா ஒரு பேச்ச மனசுக்குள்ள வச்சிருந்தேன், ராவும் பகலும் சொல்லிச் சொல்லிப் பாத்த பேச்சு, அதுல இல்லாத வசவு கெடையாது. வாயத் தெறந்தேன்.

அதுக்குள்ள உள்ள இருந்து முப்பிடாதி வந்தா. சாஞ்சு சாஞ்சு, தரையப் பாத்துக்கிட்டே வந்து, அவருக்கு முன்னால நின்னா. கழுத்த எவ்வளவு திருப்ப முடியுமோ அவ்வளவு திருப்பி அவரு மொகத்தப் பாத்தா. அவ கோவப்படல. சிரிச்சா.

"ஒரு வாரம் தள்ளிப் போனா கட்டடம் எங்கயும் ஓடிப் போயிராது அண்ணாச்சி. சீசன் முடியட்டும், பாத்துக்கிடலாம்."

சொல்லிட்டு, இடுப்புல சொருகியிருந்த பொட்டலத்த எடுத்து அவரு கையில வச்சா. மிச்சர், கால் கிலோ. எப்ப வாங்கி வச்சாளோ, என்கிட்டக்கூடச் சொல்லல.

அவரு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு. "விளக்கு வைக்க இன்னும் நேரம் இருக்கும்மா"ன்னாரு. நான் படுத்திருந்தவர ஒதைச்சேன். அடுத்த ஆளு நகர்ந்து வந்து படுத்தாரு. அண்ணாச்சி தெரு விளக்கு எரியற வரைக்கும் பொட்டலத்தக் கையில வச்சுக்கிட்டு எங்க வாசல்லயே நின்னாரு. உக்காருங்கன்னு யாரும் சொல்லல.

இது நடந்து மூணு தீவாளி ஆச்சு. கடை நகர்ந்த எடத்துலயே குடியேறிட்டு. அடுத்து வந்த பொங்கலுக்கு மறுநாள் பிள்ளைக எல்லாம் சேந்து போயிச் சொல்லி முப்பிடாதியத் திரும்ப வேலைக்கு எடுக்க வச்சாளுக. நிமிந்து நிக்க வேண்டாத கடையில சாஞ்ச முதுகு என்ன செய்யும்? அவ முதுகு நேராகல, ஆகவும் ஆகாது, அத நெனைக்கையில இப்பயும் எனக்குப் பத்திக்கிட்டு வரும். மூணாவது மாடில பாயில உக்காந்து பட்டுச் சேலை விரிக்கா. அவ தலைக்கு நேரா மேல, நாலாவது மாடில, சன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு அண்ணாச்சி நிக்காரு. அப்பப்ப அவரு செருப்பு தரையில தேயற சத்தம் கேக்குமாம். கேக்கறப்பல்லாம் முப்பிடாதி காலக் கொஞ்சம் நீட்டி உக்காந்துக்கிடுவாளாம்.